பெட்டூனியா மொட்டுகளைக் கிள்ளியது யார்?

என் நோயின் முதல் அறிகுறி, ஒரு பூவை முன்னிட்டு எனக்கும் என் மனைவி கோமதிக்கும் வந்த தகராறு. அது அறிகுறி என்று அப்போது இருவருக்குமே தெரியாது.

மார்கழி மாதம். தென்காசியில் குற்றாலம் போகிற சாலையில் எங்கள் வீடு. வாசல் கம்பியில் தொங்கவிட்ட தொட்டிகளில் பெட்டூனியா பூத்திருந்தது. பெயர் தெரியாவிட்டாலும் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய பூ. புனல் போல விரிந்து, ஊதா, வெள்ளை, ரோஸ் என்று ஓட்டல் வாசலிலும் பூங்கா ஓரத்திலும் தொங்கும். எங்கள் ஊர்ச் சாரல் அதற்கு ஆகாது. நனைந்தால் ஊறிய காகிதம் போலத் தொங்கிவிடும். அதனால் கார்த்திகை மழை ஓய்ந்த பிறகுதான் நர்சரிகளுக்கு வரும். சித்திரை வெயிலில் முடிந்துவிடும்.

அன்று சாயங்காலம் கோமதி தொட்டியருகில் நின்றுகொண்டு, "என்னா மணம் மணக்கு பாருங்க" என்றாள்.

"பெட்டூனியாவுக்கு மணம் கிடையாது" என்றேன்.

"யாரு சொன்னா? பகல்ல தெரியாது. பொழுது அடைஞ்சா ஊதாப் பூவுல மணக்கும். மூக்கக் கொண்டு போய் வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உனக்குப் பிரமை என்றேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் விடவில்லை.

முப்பது வருடங்களுக்கு மேல் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். ஒருவர் சொன்னால் அது வதந்தி. தொடர்பில்லாத இரண்டாவது ஆளும் சொன்னால்தான் செய்தி. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எதிர்வீட்டு வடிவை அழைத்து, காரணம் சொல்லாமல் பூவை மோந்து பார்க்கச் சொன்னேன். வடிவு ஐம்பது வயதுக்காரி. விடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் பையோடு தெருவில் இறங்கி, வீட்டு வீடாகச் செம்பருத்தியும் அரளியும் பறித்து, தெருமுக்குப் பிள்ளையாருக்குக் கொண்டுபோகிறவள்.

"நல்லா மணக்கே அண்ணாச்சி" என்றாள்.

இருவரும் முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். என் மூக்கைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு தோன்றியபோதும், கொரோனாவுக்குப் பிறகு பலருக்கு இப்படி ஆகியிருக்கிறது என்று அதைத் தள்ளிவிட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது சாம்பார் தாளிக்கும் மணம் தெரியாமல் போயிருந்தால் பயந்துவிட வேண்டாம். அதற்கு நூறு காரணங்கள் உண்டு. ஆனால் அதோடு நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டால், கையெழுத்து வரவரச் சிறுத்தால், ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இவை மூன்றும் இருந்தும் நான் பார்க்கவில்லை.

அடுத்த ஆடிச் சாரலில் ஐந்தருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என் இடது கையை உருவிவிட்டு, வலது கையைத் தூக்கியதும் நின்றார்.

"அண்ணாச்சி, கைய லூசா விடுங்க."

"விட்டுத்தான் இருக்கேன்."

"எங்கன விட்டிருக்கிய? மரம் மாதிரி நிக்கு. வாயு புடிச்சிருக்கு. மூலிகை எண்ணெய் தனியா இருக்கு, அதப் போட்டா எளகிரும்."

விலை கூடிய எண்ணெயை விற்கிற தந்திரம் என்று நினைத்தேன். வேண்டாம் என்றேன். அவர் மறுபடி கையை மடக்கி நீட்டினார். பல்சக்கரம் திரும்புவது போல அது விட்டுவிட்டு மடங்கியது. அவரும் தோளைக் குலுக்கிவிட்டுக் காலுக்குப் போனார்.

கை இறுகியது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் காபி ஆறியது. பேனாவை மாற்றினேன். கைக்கடிகாரத்தை இடது கைக்கு மாற்றினேன். தென்காசியில் ஒரு டாக்டர் தோள்பட்டை உறைவு (தோள் மூட்டைச் சுற்றிய சவ்வு இறுகி, கையைத் தூக்க முடியாமல் போவது) என்று சொல்லி உடற்பயிற்சி எழுதிக் கொடுத்தார். அதைச் செய்தேன். உட்கார்ந்திருக்கும்போது வலது கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்ததை யாரிடமும் சொல்லவில்லை. செய்தித்தாளை மடித்து அந்தக் கையின் மேல் போட்டுக்கொள்வேன்.

கோமதி அந்தச் செய்தித்தாளை எடுத்தாள். மறு வாரம் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தோம்.

நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். ஸ்கேன் எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் என்னை நடையில் நடக்கவிட்டு, கதவருகில் நின்று பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கையின் தட்டல் சிறுத்துச் சிறுத்து, பாதியில் நின்றது. ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். முதல் சொல் என்னுடையதாக இருந்தது. கடைசிச் சொல்லைப் படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது.

"மணம் தெரியுதா சார்?" என்று கேட்டார்.

நான் கோமதியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் முன்பே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்பாராம்.

பார்க்கின்சன் நோய் (மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் உடல் அசைவு மந்தமாகிவிடும் நோய், நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள்) என்றார். மோப்ப உணர்வு பல வருடங்களுக்கு முன்பே போய்விடலாம் என்றார். குணமாக்க மருந்து இல்லை, கட்டுப்படுத்த உண்டு.

பிறகு ஸ்கேன் எடுத்தோம். வேறு கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய மட்டுமே அது. நோயைக் காட்டும் படம் என்று ஒன்றும் என் கைக்கு வரவில்லை. ஒரு டாக்டர் நடக்கவிட்டுப் பார்த்துச் சொன்னதை வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் மேசையில் மருந்து நிறுவனத்தின் பெயர் போட்ட பேனா ஸ்டாண்டு இருந்ததைக் கவனித்து வைத்துக்கொண்டேன். மதுரையில் இன்னொரு டாக்டரிடம் போனோம். அவரும் நடக்கவிட்டுப் பார்த்தார். அதையே சொன்னார். தொடர்பில்லாத இரண்டாவது ஆள். செய்தி உறுதியானது.

லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து) ஆரம்பித்தோம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். பருப்பு, முட்டை, பாலோடு சேர்ந்தால் சரியாக ஏறாது. இதை எனக்குச் சொன்னவர்கள் குறைவு, அதனால் உங்களுக்குச் சொல்லுகிறேன். சில மாதங்கள் கழித்து, போதவில்லை என்று பிராமிபெக்சோல் (டோபமைனைப் போல நடித்து மூளையைத் தூண்டும் மருந்து) என்ற இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது.

அதை எழுதும்போது டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டுப் பேசினார். "இத சாப்பிடுற சிலருக்கு ஏதாவது ஒண்ணுல மனசு ஒட்டிக்கும். சீட்டாட்டம், ஆன்லைன் ரம்மி, தேவையில்லாம பொருள் வாங்குறது. அப்படி ஏதாவது ஆரம்பிச்சா மறைக்காம சொல்லணும்."

"நான் டீக்குக் கூடப் பந்தயம் கட்ட மாட்டேன் டாக்டர்" என்றேன்.

"நீங்களும் பாத்துக்கோங்கம்மா" என்று கோமதியிடம் சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது. அளவு படிப்படியாக ஏறி முடிந்தபோது ஒரு காலையில் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, போட்டுவிட்டேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். கையெழுத்து மீண்டும் வரியை நிரப்பியது. தோசையைக் கிள்ளிச் சட்னியில் தொட முடிந்தது. நோயற்றவருக்கு இதன் பொருள் விளங்காது. என் வலது கை எனக்குத் திரும்ப வந்துவிட்டது. அதை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று இருந்தேன்.

அந்தக் கார்த்திகை முடிவில் நானே நர்சரிக்குப் போனேன். செங்கோட்டைச் சாலையில் சாகுல் வைத்திருக்கும் நர்சரி. கடையநல்லூர்க்காரர், சவூதியில் தோட்ட வேலை பார்த்துத் திரும்பியவர். பெட்டூனியா நாற்றுகளைத் தட்டோடு எடுத்துவைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, தண்ணி ஊத்துறது பெரிசில்ல. வாடுன பூவ அடியோட கிள்ளணும். இல்லன்னா வெதைக்குப் போயிரும், அப்புறம் பூக்காது. தெனமும் கிள்ளணும்" என்றார்.

எனக்கு ஒரு வேலை கிடைத்தது. காலையில் மூன்று நாளிதழ்களைப் படித்து முடித்ததும் முக்காலியைப் போட்டுத் தொட்டிகளின் முன் உட்காருவேன். பெட்டூனியா புகையிலையின் குடும்பம். இலையும் தண்டும் பிசுபிசுவென்று இருக்கும். வாடிய பூ சுருங்கித் தொங்கும். அடியோடு நகத்தால் கிள்ளினால் டக்கென்று வரும். திரும்ப வந்த விரல்களுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. டாக்டரே விரல் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்.

தை பிறந்தது. பூக்கள் குறைந்தன. ஊர் முழுக்கப் பெட்டூனியா கொட்டிக் கிடக்கிற மாதம் அது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் முகப்பில் தொட்டிக்கு வெளியே அருவி போல வழிந்துகொண்டிருந்தது. என் வீட்டில் பச்சை மட்டும். உற்றுப் பார்த்தேன். மொட்டுகளைக் காணோம். மொட்டு இருந்த இடத்தில் காம்பு மட்டும் வெட்டுப்பட்டு நின்றது.

விசாரணையைத் தொடங்கினேன்.

முதலில் சாகுல். கழிவு நாற்றைத் தள்ளிவிட்டார் என்று நேரில் போய்ச் சொன்னேன். "எங்கிட்ட இருக்கது பூராம் அதே தட்டுதான் அண்ணாச்சி" என்று காட்டினார். அங்கே பூத்திருந்தது. அடுத்தது குரங்கு. குற்றாலத்திலிருந்து மாடி வழியாக வரும். ஆனால் குரங்கு வந்தால் கிளையோடு ஒடிக்கும். இப்படிச் சுத்தமாகக் கிள்ளாது. அடுத்தது மொட்டைத் துளைக்கும் புழு. அது ஓட்டையும் எச்சமும் விட்டுப் போகும். இரண்டும் இல்லை.

மீதி இருந்தது, விடிந்ததும் பையோடு தெருவில் இறங்குகிற ஒரே ஆள்.

வடிவு எங்கள் செம்பருத்தியைப் பறித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"வடிவு, செம்பருத்தி எவ்வளவு வேணும்னாலும் பறிச்சுக்கோ. தொட்டிப் பூவத் தொடாத."

"எந்தத் தொட்டி?"

"பெட்டூனியா. மொட்டெல்லாம் எங்க போச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். பையைத் திறந்து காட்டினாள். "அண்ணாச்சி, அந்தச் சவத்த யாரு பறிப்பா? தொட்டா கையில ஒட்டுது. மால கட்ட காம்பு கெடையாது. இத எந்தச் சாமிக்குப் போடச் சொல்லுதிய?"

"அப்ப யாரு கிள்ளுதா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் நாள் பூராம் அங்கன உக்காந்திருக்கிய."

அவள் பறித்த செம்பருத்திகளைத் திண்டின் மேல் வைத்துவிட்டு வெறும் பையோடு போனாள். மறுநாளிலிருந்து எங்கள் வாசலை விட்டுவிட்டு எதிர்ப்புறமாக நடந்தாள். அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதங்களில் நான் சந்தேகப்பட்டவை இவை மட்டும் அல்ல. கோமதி போனைக் கவிழ்த்து வைக்கிறாள். பால்காரர் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார். மருந்துக்கடையில் மாத்திரையின் நிறம் லேசாக மாறியிருக்கிறது. ஒவ்வொன்றையும் நிதானமாகத்தான் யோசித்தேன். கத்தவில்லை. கோர்வையாக, ஆதாரத்தோடு, ஒரு நல்ல துணையாசிரியர் யோசிப்பது போல யோசித்தேன். அதனால்தான் எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

மாசி மாதம் ஒரு மதியம் கோமதி சாப்பிடக் கூப்பிட்டாள். இப்போதுதானே காபி குடித்தேன் என்றேன். அவள் வந்து என் முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு சுளகை வைத்தாள். அரிசி புடைக்கிற சுளகு. அதில் நான் அன்று காலை முதல் கிள்ளிப் போட்டவற்றைக் கூட்டி அள்ளியிருந்தாள்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

"வாடுன பூ."

அவள் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "நசுக்குங்க."

பெட்டூனியா மொட்டு முறுக்கிய குடை போல இருக்கும். வாடிய பூவும் முறுக்கிக்கொண்டுதான் தொங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். விரலில் பிடித்தால் தெரிந்துவிடும். வாடியது துவளும், மொட்டு விறைப்பாக நிற்கும். என் கையில் இருந்தது விறைப்பாக நின்றது. நசுக்கினேன். உள்ளே ஊதா நிறம் ஈரமாக மடிந்திருந்தது.

சுளகில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக நசுக்கினேன். துவண்டது ஒன்றிரண்டுதான்.

"நீ கலந்து வச்சிருக்கே" என்றேன்.

இதை எழுத எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் நான் அப்படித்தான் சொன்னேன்.

கோமதி கோபப்படவில்லை. என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் கறுத்திருந்தன. வாரக்கணக்காக இருந்த கறுப்பு.

"இது?"

"பேப்பர் மை."

"மை சோப்புல போகும். இது போகாது. தேங்காண்ணெ போட்டுத் தேச்சாத்தான் போகும், செடிப் பிசின் அது. மோந்து பாருங்க, செடி வாட அப்படியே..."

அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். என்னால் மோந்து பார்க்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அவளே என் விரல்களை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, "சாப்பிட வாங்க, ரெண்டரை ஆச்சு" என்றாள்.

அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மறுநாள் காலை மூன்று நாளிதழ்கள் முடிந்ததும் என் கால்கள் முக்காலியை நோக்கிப் போயின. மொட்டு என்று தெரிந்தது. கையை எடுக்க வேண்டும் என்றும் தெரிந்தது. ஒன்றை மட்டும் என்று கிள்ளினேன். அந்த டக் என்ற சத்தம் மனத்தை ஆற்றியது. கோமதி சாப்பிடக் கூப்பிட்டபோது சுளகு நிறைந்திருந்தது.

திருநெல்வேலிக்குப் பரிசோதனைக்குப் போகும் நாள் வந்தது. பேருந்து பாவூர்சத்திரம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னேன்.

"பூ விஷயத்த டாக்டர்ட்ட சொல்லிராத."

"ஏன்?"

"மாத்திரைய நிறுத்திருவாவ. கை பழையபடி போயிரும்."

அவள் ஜன்னல் வழியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆலங்குளத்தில் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஒரு தொட்டிப் பூவோட நிக்கும்னா நான் ஏன் சொல்லப் போறேன்? வடிவு நம்ம வாசல்ல காலெடுத்து வைக்க மாட்டேங்கா. எம்போன எடுத்துப் பாக்கிய. நாளைக்கு எனக்குக் கோட்டி புடிச்சிருக்குன்னும் சொல்லுவிய" என்றாள். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொல்லல. நீங்களே பாத்துக்கோங்க" என்றாள்.

டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார். வலது கை இடது கைக்குச் சமமாகத் தட்டியது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு குனிந்து பார்த்தார்.

"சிகரெட் உண்டா சார்?"

"கிடையாது."

"விரல் நுனி இப்படிக் கறுத்திருக்கே?"

"பேப்பர் மை டாக்டர்" என்றேன்.

சொல்லிவிட்டுக் கோமதியைப் பார்த்தேன். அவள் எதையும் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ தொலைபேசிகளின் மறுமுனையில் இந்த மௌனத்தைக் கேட்டிருக்கிறேன். செய்தி பொய் என்றால் மறுத்துவிடுவார்கள். மெய் என்றால் இப்படித்தான் பேசாமல் இருப்பார்கள்.

"மை இல்ல டாக்டர்" என்றேன். "பெட்டூனியா."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். இதற்குப் பண்டிங் (ஒரே செயலை நோக்கம் இல்லாமல் மணிக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருப்பது) என்று பெயர் சொன்னார். ஒருவர் ரேடியோவைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாராம். ஓர் அம்மா சேலைகளை மடித்து, பிரித்து, மறுபடி மடிப்பாராம். நல்ல பழக்கத்தின் தோற்றத்தில் வருவதால் வீட்டார் கண்டுபிடிக்க நாளாகும் என்றார். பிறகு தயங்கி, "வேற யார் மேலயாவது சந்தேகம் வருதா?" என்று கேட்டார்.

வடிவைப் பற்றிச் சொன்னேன். பால்காரரைப் பற்றி. போனைப் பற்றி.

"அதுவும் இந்த மாத்திரையால வரலாம் சார்."

எனக்கு இந்த இடத்தில்தான் பயம் வந்தது. நடுக்குவாதம் என்று சொன்ன நாளில்கூட இப்படி இல்லை. கை போனால் கை போனது என்று தெரியும். இது தெரியாது. சந்தேகப்பட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். அதில் எது என்னுடையது, எது மாத்திரையுடையது?

"எப்படிப் பிரிக்கிறது டாக்டர்?"

"நீங்க தனியாப் பிரிக்க முடியாது. அதுக்குத்தான் இவங்க" என்று கோமதியைக் காட்டினார்.

பிராமிபெக்சோலை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள். படிப்படியாகக் குறைத்தார்கள். அப்படியும் வியர்த்தது, காரணமில்லாத எரிச்சல் வந்தது, எதிலும் ருசி இல்லாமல் போனது. லெவோடோபாவின் அளவை மட்டும் கொஞ்சம் கூட்டினார்கள். கை முழுதாகப் பழைய இறுக்கத்துக்குப் போகவில்லை. திரும்ப வந்ததில் பாதியைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். பொத்தான் சட்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தலைவழியாகப் போடுகிற பனியன் சட்டைகளுக்கு மாறினேன்.

மருந்து இறங்கும்வரை தொட்டிகள் என் கண்ணில் படக்கூடாது என்று கோமதி அவற்றை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். வடிவு வாங்கிக்கொண்டாள். பங்குனியின் கடைசி வாரம் என் வாசலிலிருந்து பார்த்தால் அவள் வீட்டுக் கம்பியில் ஊதாவும் வெள்ளையும் நிறைந்து தொங்கின. அவள் ஒருநாளும் தண்ணீர் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்று கோமதி சொன்னாள்.

மனம் கொஞ்சம் தெளிந்த பிறகு எதிர்வீட்டுக்குப் போனேன். வடிவு வாசலிலேயே நிறுத்தினாள்.

"என்ன அண்ணாச்சி, இப்ப எங்க வீட்டுப் பூவக் கிள்ள வந்தியளோ?"

"கையக் கட்டிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன். "அன்னைக்குச் சொன்னது தப்பு."

"தப்பு இல்லாம பின்ன என்ன? நான் பிள்ளையாருக்குத் திருடுதேன், எனக்கு எதுக்குத் திருடப் போறேன்?" என்றாள். பிறகு உள்ளே இருந்த மகளுக்குக் குரல் கொடுத்தாள், "ஏட்டி, அண்ணாச்சிக்கு காப்பி போடு, சீனி கம்மியா, தம்ளர்ல பாதி ஊத்துனாப் போதும்." அவள் தம்ளரைப் பாதிதான் நிரப்பச் சொன்னதைக் கவனித்தேன். என் கை ஆடும் என்று தெரிந்திருக்கிறது. இதை யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, காபியைக் குடித்தேன்.

இப்போது மறுபடியும் மார்கழி. சாகுலிடமிருந்து புது நாற்றுகள் வந்திருக்கின்றன. வாடிய பூவைக் கோமதி கிள்ளுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுளகைப் பிடிக்கிறேன். சில நாள் விரல் நுனி அரிக்கும். அப்போது அவளிடம் சொல்லிவிடுவேன். "உள்ள போய் பேப்பர் படிங்க" என்பாள்.

என் நேரம் கடிகாரத்தில் ஓடுவதில்லை. மாத்திரை ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று இரண்டு இருக்கின்றன. ஏறியிருக்கும்போது குளிக்கிறேன், எழுதுகிறேன், இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் எழுதினேன். இறங்கியிருக்கும்போது ஒரு செருப்புக்குள் கால் போக எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரமும் அந்தச் செருப்போடு இருக்கிறேன். வலது கை இப்போது வீட்டில் இருக்கும் மூன்றாவது ஆள். சொன்னால் கேட்கும், உடனே கேட்காது. ஒரு சந்தேகம் வந்தால் அதைக் கோமதியிடம் உரக்கச் சொல்லிவிடுகிறேன். சிலவற்றுக்கு அவள் சிரிக்கிறாள். சிலவற்றுக்கு, "அது நெசந்தான், எனக்கும் அப்படித்தான் தோணுது" என்கிறாள். பால்காரர் தண்ணீர் கலப்பது உண்மை என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஊதாப் பூக்கள் முழுதாக விரிந்திருந்தன. மாத்திரை இறங்கும் நேரம். கை மடிமேல் ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் செய்தித்தாளைப் போடவில்லை.

"மணக்கா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. பொழுது அடையட்டும்."

எங்கள் ஊரில் வெயில் மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். வெளிச்சம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். எதிர்வீட்டில் வடிவு விளக்கேற்றினாள். வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

"இப்ப?"

கோமதி எழுந்து தொட்டியருகில் போனாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

"இப்ப மணக்கு" என்றாள்.

வடிவைக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை.